கல்லீரலும் பரம்பரைக் கொலஸ்டிராலும்: ஓர் உறுப்பில் இணையும் இரு நோய்கள்

இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தால் அது இதய மருத்துவரின் பொறுப்பு என்றும், கல்லீரலில் கொழுப்பு படிந்தால் அது வயிறு, குடல் மருத்துவரின் பொறுப்பு என்றும் பிரித்துப் பார்ப்பது மருத்துவமனைகளின் நடைமுறை வசதிக்காக ஏற்பட்ட பாகுபாடேயன்றி, உடலில் அப்படியொரு பாகுபாடு கிடையாது. கொலஸ்டிராலைத் தயாரிப்பதிலும், அதை இரத்தத்தில் அனுப்புவதிலும், மிஞ்சியதைத் திரும்ப எடுத்துப் பித்தநீரின் வழியே வெளியேற்றுவதிலும் கல்லீரலுக்கே முதன்மையான பங்கு உண்டு. பரம்பரையாக வரும் உயர் கொலஸ்டிராலைப் பற்றிய ஆராய்ச்சியும் கல்லீரல் கொழுப்பு நோயைப் பற்றிய ஆராய்ச்சியும் வெவ்வேறு திசைகளில் தொடங்கியிருந்தாலும், கடந்த இருபது ஆண்டுகளில் அவை ஒரே உறுப்பில், சில வேளைகளில் ஒரே ஆய்வுக்கூடத்திலேயே, வந்து சந்தித்திருக்கின்றன. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் எந்த வழியையும் அது கல்லீரலை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பதே அந்தச் சந்திப்பு கற்பித்துள்ள பாடம்.

கொழுப்பின் போக்குவரத்து

கொழுப்பு நீரில் கரையாது என்பதால், கல்லீரல் அதைப் புரதத்தோடு சேர்த்து நுண்ணிய துகள்களாக்கி இரத்தத்தில் விடுகிறது. முதலில் வெளிவரும் துகள் ‘விஎல்டிஎல்’ எனப்படுகிறது. அதில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பே மிகுதி. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் அந்த டிரைகிளிசரைடை எடுத்துக்கொண்ட பின், கொலஸ்டிரால் செறிந்து எஞ்சும் சிறிய துகளே ‘எல்டிஎல்’. பொதுமக்கள் ‘கெட்ட கொலஸ்டிரால்’ என்று அறிந்திருப்பது இதைத்தான். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதம் எல்டிஎல் துகளைப் பற்றிச் செல்லுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வந்து அடுத்த துகளைப் பற்றுகிறது. அனுப்புவது, திரும்ப எடுப்பது என்னும் இவ்விரு வேலைகளுள் எடுப்பது தடைப்பட்டால் கொழுப்பு இரத்தத்தில் தேங்குகிறது. அனுப்புவது தடைப்பட்டால் அது கல்லீரலிலேயே தேங்குகிறது. இக்கட்டுரையில் பேசப்படும் நோய்கள் பெரும்பாலும் இவ்விரு தடைகளின் வேறுபட்ட வடிவங்களே.

எடுப்பது தடைப்படும் பரம்பரை நோயை நார்வே மருத்துவர் கார்ல் முல்லர் 1930களின் இறுதியில் விவரித்தார். தசைநாண்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகளும், இரத்தத்தில் உயர் கொலஸ்டிராலும், நெஞ்சுவலியும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வருவதை அவர் எடுத்துக்காட்டினார். 1964இல் லெபனானில் அவெடிஸ் கச்சதூரியன், உறவுக்குள் மணம் புரியும் வழக்கமுள்ள குடும்பங்களை ஆராய்ந்து, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவர்களுக்கு ஒரு நிலையும், இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்கு அதைவிடப் பன்மடங்கு கடுமையான நிலையும் ஏற்படுவதைத் தெளிவுபடுத்தினார். முதல் வகையினர் உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இருப்பதாக இன்றைய மதிப்பீடுகள் கூறுகின்றன. இரண்டாம் வகையினர் சில லட்சம் பேருக்கு ஒருவர்தான். சிகிச்சை பெறாத முதல் வகை ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நாள நோய் வந்துவிடுகிறது. இரண்டாம் வகைக் குழந்தைகளுக்குப் பதின்ம வயதுக்கு முன்பே மாரடைப்பு வரக்கூடும்.

இதன் காரணத்தை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1973 முதல் வெளிப்படுத்தினர். இயல்பான ஒருவரின் தோல் செல்களோடு எல்டிஎல் துகள்களைச் சேர்த்தபோது, செல்கள் அவற்றை உள்வாங்கித் தம் சொந்தக் கொலஸ்டிரால் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன; கடுமையான பரம்பரை நோயுள்ளவரின் செல்களோ வெளியே எவ்வளவு கொலஸ்டிரால் இருந்தாலும் அதை உணராமல் தயாரித்துக்கொண்டே இருந்தன. எல்டிஎல் ஏற்பி என்ற ஒன்று உண்டென்பதும், அது பழுதுபட்டதே நோயின் வேர் என்பதும் இவ்வாறு புலப்பட, இருவருக்கும் 1985இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த ஏற்பிகளில் பெரும்பகுதி கல்லீரலில்தான் உள்ளது என்பதற்கு மனித உடலிலேயே சான்று கிடைத்தது 1984 பிப்ரவரி 14 அன்று. இந்நோயின் கடுமையான வகையால் இதயம் சேதமடைந்திருந்த டெக்சஸ் மாநிலத்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்சலின் குழுவினர் இதயத்தையும் கல்லீரலையும் ஒரே அறுவையில் மாற்றிப் பொருத்தினர். புதிய இதயம் உயிரைத் தாங்குவதற்கு. புதிய கல்லீரல் கொலஸ்டிராலைக் குறைப்பதற்கு. அறுவைக்கு முன் டெசிலிட்டருக்கு 988 மில்லிகிராமாக இருந்த எல்டிஎல் 184 ஆக, அதாவது 81 சதவீதம், குறைந்தது. உணவு, மருந்து எதனாலும் ஆகாதது ஓர் உறுப்பை மாற்றியதால் ஆனது என்பதே, இந்த இதய நோயின் பிறப்பிடம் கல்லீரல் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது.

ஸ்டேட்டினும் கல்லீரல் பயமும்

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து 1973இல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளே ஸ்டேட்டின் மருந்துகளின் முன்னோடி. ஸ்டேட்டின், கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிப்பதற்கு வேண்டிய நொதி ஒன்றைத் தடுக்கிறது. உள்ளே தட்டுப்பாடு ஏற்பட்டதும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் கூடுதல் ஏற்பிகளை நிறுத்தி, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. பழுதான மரபணு ஒன்றே ஒன்று உள்ளவரிடம் மற்ற மரபணு நல்ல ஏற்பிகளைத் தருவதால் ஸ்டேட்டின் நன்கு பயன்படுகிறது. இரண்டும் பழுதாகி ஏற்பியே இல்லாதவரிடம் அதன் பலன் மிகக் குறைவு.

‘இந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும்’ என்ற அச்சத்தால் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் பலர். ஸ்டேட்டின் தொடங்கிய சிலருக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு சற்று உயர்வது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடுகிறது, கல்லீரலுக்குக் கடுமையான தீங்கு நேர்வது மிக அரிது. இதைக் கருதியே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஸ்டேட்டின் எடுப்பவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கல்லீரல் நொதிகளைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்னும் அறிவுரையை 2012இல் நீக்கி, தொடங்கும் முன்னரும் பின்னர் அறிகுறி தோன்றும்போதும் சோதித்தால் போதும் என்று மாற்றியது. கொழுப்பு படிந்த கல்லீரல் உள்ளவர்களும் ஸ்டேட்டின் எடுக்கலாம். அவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால் உண்மையில் அவர்களுக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. கல்லீரல் முற்றிலும் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த நிலையில் இருப்பவர்களின் நிலைமை வேறு. அங்கே முடிவு மருத்துவருடையது.

டல்லாஸ் ஆய்வின் கண்டுபிடிப்புகள்

பாரிஸிலும் மொன்ட்ரியாலிலும் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர்கள் 2003இல், எல்டிஎல் ஏற்பி நன்றாக இருந்தும் பரம்பரைக் கொலஸ்டிரால் உள்ள பிரெஞ்சுக் குடும்பங்களில் ‘பிசிஎஸ்கே9’ என்னும் மரபணுவின் மாற்றத்தைக் கண்டனர். இம்மரபணுவால் கல்லீரலில் உருவாகும் புரதம் எல்டிஎல் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, அது மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்ப முடியாமல் செல்லுக்குள்ளேயே சிதையச் செய்கிறது. அது அளவுக்கு மீறி வேலை செய்தால் கொலஸ்டிரால் ஏறும் என்றால், வேலை செய்யாமலே போனால் என்ன ஆகும் என்னும் கேள்விக்கு டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் விடை தேடினர். இம்மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களிடம் எல்டிஎல் 28 சதவீதமும் இதய நாள நோய் 88 சதவீதமும் குறைந்திருப்பதை அவர்கள் 2006இல் வெளியிட்டனர். இக்கண்டுபிடிப்பின் வழியே 2015இல் பிசிஎஸ்கே9 புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன.

ஹாப்ஸ் குழுவினர் டல்லாஸ் நகர மக்களிடம் நடத்திய ஆய்வில் இரத்தத்தோடு கல்லீரலின் கொழுப்பு அளவும் காந்த அலைக் கருவியால் அளக்கப்பட்டிருந்தது. அந்த அளவுகளை மரபணு வேறுபாடுகளோடு ஒப்பிட்டபோது, மதுவினாலன்றிக் கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்குக் காரணமான ‘பிஎன்பிஎல்ஏ3’ என்னும் மரபணு வேறுபாடு 2008இல் வெளிப்பட்டது. மெக்சிகோ முதலிய இடங்களிலிருந்து குடியேறிய ஹிஸ்பானிய வழியினரிடம் அது மிகுந்தும், கறுப்பினத்தாரிடம் குறைந்தும் காணப்பட்டது. அவ்விரு பிரிவினரிடையே கல்லீரல் கொழுப்பு நோயின் அளவு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடல் எடை, உணவு, மது ஆகியவற்றையே நோய்க்குப் பொறுப்பாக்கி வந்த பார்வையில், பிறப்போடு வரும் மரபும் அன்றுமுதல் இடம்பெற்றது.

2014இல் அதே குழு கண்ட மூன்றாவது மரபணு, ‘டிஎம்6எஸ்எஃப்2’, சிக்கலை இன்னும் தெளிவாக்கியது. இதன் ஒரு மாற்றத்தைக் கொண்டவர்களின் கல்லீரல், விஎல்டிஎல் துகள்களில் போதிய கொழுப்பை ஏற்றி அனுப்புவதில்லை. அதன் விளைவாக அவர்களின் இரத்தத்தில் எல்டிஎல் குறைவு, மாரடைப்பு வாய்ப்பும் குறைவு. ஆனால் கல்லீரலில் கொழுப்பும் வடுத்திசுவும் அதிகம். இதயத்துக்கு நன்மையானது கல்லீரலுக்குத் தீமையாக முடியலாம் என்பதற்கு இயற்கையே தந்த எடுத்துக்காட்டு இது.

மருந்தும் இதையே காட்டியது. இரு மரபணுக்களும் பழுதான கடுமையான பரம்பரை நோயாளிகளுக்காக 2012இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோமிட்டபைட், கல்லீரல் விஎல்டிஎல் துகளை உருவாக்குவதையே தடுக்கிறது. இருபத்தொன்பது நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 26 வாரங்களில் எல்டிஎல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் கல்லீரலின் கொழுப்பு சராசரி 1 சதவீதத்திலிருந்து 8.6 சதவீதமாக உயர்ந்தது. வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு இம்மருந்து இன்றும் பயன்படுகிறது என்றாலும், கல்லீரலை இடைவிடாது கண்காணித்தே அது கொடுக்கப்படுகிறது.

இரண்டும் ஒன்றாக வரும் நோய்

கல்லீரல் நோயும் பரம்பரைக் கொலஸ்டிராலும் ஒரே மரபணுவின் பழுதால் ஒருவருக்கே சேர்ந்து வரும் நோய் ஒன்றும் உண்டு. செல்லுக்குள் வரும் கொழுப்பை உடைப்பதற்கு லைசோசோம் என்னும் சிறு பையில் ‘லைசோசோம் அமில லிப்பேஸ்’ என்ற நொதி இருக்கிறது. இந்நொதி அறவே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் எடை ஏறாமல், வயிறு வீங்கிப் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் இறந்துவிடுகின்றனர்; இவ்வடிவத்துக்கு அதை விவரித்த மோஷே வோல்மனின் பெயர் வழங்குகிறது. நொதி ஓரளவு மிஞ்சியிருப்பவர்கள் வளர்ந்து பெரியவர்களாகின்றனர். ஆனால் அவர்களின் கல்லீரல், உடையாத கொழுப்பு நிரம்பி, வெட்டிப் பார்த்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறமாகக் காட்சியளிக்கும். காலப்போக்கில் அது சுருங்கிப் பழுதாகும்.

இந்நோயாளியின் இரத்த அறிக்கையில் எல்டிஎல் மிகுந்திருப்பதால் சிலர் அதைச் சாதாரணப் பரம்பரைக் கொலஸ்டிரால் என்று எண்ணி ஸ்டேட்டினோடு நிறுத்திவிடுகின்றனர். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு தெரிவதால் வேறு சிலர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுகின்றனர். நோயாளியோ ஒல்லியாக இருப்பார்; ‘நல்ல கொலஸ்டிரால்’ எனப்படும் எச்டிஎல் மிகவும் தாழ்ந்திருக்கும்; கல்லீரல் நொதி உயர்ந்தே இருக்கும்; மண்ணீரலும் பெருத்திருக்கலாம். இவை ஒன்றுசேரும் இடத்தில், தாளில் உலர்த்திய ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே நொதியை அளந்து நோயை உறுதிப்படுத்தலாம். ஸ்டேட்டின் இவர்களின் எல்டிஎல்லைக் குறைத்தாலும் கல்லீரல் பழுதை நிறுத்துவதில்லை. இல்லாத நொதியையே ஊசி வழியாகத் தரும் செபெலிப்பேஸ் ஆல்ஃபா 2015இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. மரபணு மாற்றப்பட்ட கோழிகளின் முட்டை வெண்கருவிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது. அறுபத்தாறு பேரிடம் நடந்த சோதனையில் கல்லீரல் நொதி, எல்டிஎல், கல்லீரல் கொழுப்பு மூன்றும் இம்மருந்தால் குறைந்தன.

இரு கணக்கையும் நேர்செய்யும் முயற்சிகள்

கல்லீரல் கொழுப்பு நோய்க்கென்றே உருவான மருந்துகளில் முதலாவதாக அமெரிக்காவில் 2024 மார்ச் மாதம் ஒப்புதல் பெற்றது ரெஸ்மெடிரோம். தைராய்டு ஹார்மோனுக்குக் கல்லீரலில் உள்ள ஏற்பியை மட்டும் பெரும்பாலும் தூண்டி, அங்கேயே கொழுப்பை எரிக்கச் செய்வது இதன் வழி. வடுத்திசு உருவாகிவிட்ட 966 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அழற்சி தணிந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களிடையே 9.7 சதவீதமும், 100 மில்லிகிராம் மருந்து எடுத்தவர்களிடையே 29.9 சதவீதமும் ஆவர். அதோடு எல்டிஎல்லும் 16 சதவீதமளவு குறைந்தது. இதே மருந்து முன்னரே பரம்பரைக் கொலஸ்டிரால் உள்ளவர்களிடமும் சோதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில், நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைட் ஊசிக்கும் கல்லீரல் கொழுப்பு நோய்க்கான ஒப்புதல் அமெரிக்காவில் கிடைத்தது.

பரம்பரைக் கொலஸ்டிரால் சிகிச்சையும் கல்லீரலையே இலக்காக்கி வளர்கிறது. ஆண்டுக்கு இரண்டே முறை போடப்படும் இன்கிளிசிரான், பிசிஎஸ்கே9 புரதம் உருவாவதற்கான செய்தியைக் கல்லீரல் செல்லுக்குள்ளேயே அழிக்கிறது. அம்மருந்தோடு பிணைக்கப்பட்ட சர்க்கரை மூலக்கூறு ஒன்று அதை நேராகக் கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கிறது. அடுத்த படியாக, அந்த மரபணுவையே ஒரே ஊசியில் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் மரபணுத் திருத்தம் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. வெர்வ் நிறுவனத்தின் முதல் மருந்து எல்டிஎல்லை நன்கு குறைத்தபோதிலும், ஒருவருக்குக் கல்லீரல் நொதி உயர்ந்து இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததால் 2024 ஏப்ரலில் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மருந்தைச் சுமந்து சென்ற கொழுப்புத் துகளே அதற்குக் காரணமெனக் கருதப்பட்டதால், துகளை மாற்றி உருவாக்கிய இரண்டாம் மருந்தைச் சோதித்தனர். 14 பேரின் முதற்கட்ட முடிவுகள் 2025இல் வெளியானபோது, உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்களின் எல்டிஎல் சராசரியாக 53 சதவீதம் குறைந்திருந்தது. இத்தகைய சிறு சோதனையின் பலன் நம்பிக்கை அளிப்பதே. ஆயினும் திரும்பப் பெற இயலாத சிகிச்சை ஒன்றுக்குப் பல ஆண்டுக் கண்காணிப்பு இல்லாமல் தீர்ப்புக் கூற முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 1,13,043 பேரிடம் நடத்திய நாடுதழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. பெரியவர்களில் 24 சதவீதத்தினருக்குக் கொலஸ்டிரால் மிகுந்திருப்பதை அது காட்டியது. இவர்களில் பெரும்பாலோருக்கு உணவு, உடலுழைப்பின்மை, பல சிறு மரபணு வேறுபாடுகள் ஆகியவையே காரணம். ஒற்றை மரபணுவால் வரும் பரம்பரை நோய் இவர்களுக்குள் மறைந்து நிற்கும் சிறு பகுதி. ஆனால் 300 பேருக்கு ஒருவர் என்னும் உலக விகிதம் இங்கும் பொருந்துமானால், 2011 கணக்கெடுப்பில் 7.2 கோடி மக்களைக் கொண்டிருந்த தமிழ்நாட்டில் மட்டும் அத்தகையோர் ஏறத்தாழ 2.4 லட்சம் பேர் இருக்க வேண்டும். தாய்மாமனையோ அத்தை, மாமன் பிள்ளைகளையோ மணக்கும் வழக்கமும் இங்கே நெடுங்காலமாக உண்டு என்பதால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேரும் கடுமையான பரம்பரைக் கொலஸ்டிராலும் லிப்பேஸ் குறைபாடும் கூடுதல் கவனத்துக்கு உரியவை.

பரம்பரைக் கொலஸ்டிராலைக் கண்டறிய முதலில் வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று. குடும்ப வரலாற்றைக் கேட்டறிவதும் கண்ணால் பார்ப்பதுமே. குதிகாலுக்குப் பின்னுள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்துப் பார்க்கும்போது அது தடித்தும் மேடுபள்ளமாகவும் தெரிந்தாலும், கை முட்டியின் மேற்புறத் தசைநாண்களில் கெட்டியான முடிச்சுகள் இருந்தாலும், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றினாலும், பெரியவருக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினாலும் பரம்பரை நோய் என்று ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. ஒருவரிடம் நோய் உறுதியானதும் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரையும் சோதிக்கும் முறையை நெதர்லாந்து 1994 முதல் 2013 வரை அரசின் ஆதரவோடு நடத்தியது. ஸ்லோவேனியா 1990களிலிருந்தே ஐந்து வயதுக் குழந்தைகளைச் சோதித்து வருகிறது. இந்திய இதய மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், முதல் கொலஸ்டிரால் சோதனையை 18 வயதிலும், குடும்பத்தில் இளவயது மாரடைப்போ பரம்பரைக் கொலஸ்டிராலோ இருந்தால் அதற்கு முன்னரும் செய்யச் சொல்கின்றன. கல்லீரல் கொழுப்பு நோயை இந்திய அரசு 2021இலேயே தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. இவ்விரு ஏற்பாடுகளும் தனித்தனியே நடப்பதைவிட, ஒரே இரத்த மாதிரியில் எல்டிஎல், எச்டிஎல், கல்லீரல் நொதி மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதும், குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று மருத்துவர் கேட்பதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழக்கமாக வேண்டும்.

குடும்பத்தில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ பெண் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அக்குடும்பத்துப் பிள்ளைகளின் கொலஸ்டிராலைச் சோதித்துக்கொள்வதில் தாமதம் கூடாது. எடுத்துவரும் ஸ்டேட்டினைக் கல்லீரல் பயத்தால் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. பிறப்போடு வரும் நோயாயினும், காலத்தில் கண்டறிந்தால் அது உயிரைப் பறிக்கும் நோயாக முடிய வேண்டியதில்லை.